மோட்டார் போட்டால் கம்ப்யூட்டர் அணைகிறது: போர்டு போச்சா, பேட்டரி போச்சா?

கேள்வி: முக்கூடலில் இருந்து எழுதுகிறேன். மகள் படிப்புக்காக 2020-ல் திருநெல்வேலியில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர், இரண்டு மாதமாகத் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. காலையில் தொந்தரவு இல்லை. சாயங்காலம் சில நாள் மூன்று நான்கு தடவைகூட ஆகிவிடும். அம்மா பீடி சுற்றும் அறையில், மேசைக்கு அடியில்தான் சிபியு இருக்கிறது. கடைக்குக் கொண்டுபோனேன். "கெர்னல் பவர் 41-ன்னு காட்டுது அண்ணாச்சி, போர்டு போச்சு. விண்டோஸ் 10-க்கும் சப்போர்ட் முடிஞ்சுட்டு. புதுசா எடுத்திருங்க" என்கிறார்கள். போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு) மட்டும் மாற்ற 8,500 ரூபாயாம். ஆனால் கடையில் இருந்த இரண்டு நாளும் ஒரு தடவைகூட அணையவில்லை என்று அவர்களே சொன்னார்கள். என்ன செய்ய?

பதில்: கடையில் இரண்டு நாள் ஓடி ஒரு தடவைகூட அணையாத போர்டை, உங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் அணைகிறது என்பதற்காக மாற்றுவதா? அந்த 8,500 ரூபாய் கொஞ்ச நாள் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

முதலில் அந்த 41. முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் அணைந்திருந்தால், அடுத்த முறை ஆன் ஆகும்போது விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு அது. ஓடிக்கொண்டிருக்கையில் நீங்களே பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41 வரும். ஆள் விழுந்தான் என்று சொல்லுமே தவிர, யார் தள்ளியது என்று சொல்லாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 14 அக்டோபர் 2025-ல் முடிந்தது உண்மைதான். பாதுகாப்புக்காக அதை யோசிக்கவும் வேண்டும். ஆனால் அதனால் எந்த கம்ப்யூட்டரும் சாயங்காலம் பார்த்து ரீஸ்டார்ட் ஆகாது.

ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு அணைந்தது, அந்த நேரத்தில் வீட்டில் எது ஓடியது. தண்ணீர் மோட்டார், கிரைண்டர், பிரிட்ஜ், பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் கணக்கு. டியூப் லைட் ஒரு சிமிட்டு சிமிட்டியதா, யூபிஎஸ்ஸில் (கரண்ட் போனால் பேட்டரியில் கம்ப்யூட்டரைத் தாங்கும் பெட்டி) "டக்" என்று சத்தம் வந்ததா என்பதையும் குறியுங்கள்.

ஏன் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறேன் என்றால், நானே இதில் ஏமாந்தவன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு கம்ப்யூட்டரும் இப்படித்தான் அணைந்து அணைந்து எழுந்தது. கடைக்காரர் எஸ்எம்பிஎஸ் (சிபியுவுக்குள் எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போச்சு என்றார், 2,200 ரூபாய் கொடுத்து மாற்றினேன். மறுநாளே பழைய கதை. ஒரு நாள் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வீட்டில் மோட்டார் போட்டார்கள். காலடியில் "டக்", எதிரே இருட்டுத் திரை. யூபிஎஸ் பேட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருக்கிறது! கழற்றிய எஸ்எம்பிஎஸ் நல்லதாகத்தான் இருந்திருக்கும். அதைக் கேட்டு வாங்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நடப்பது இதுதான். மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதிகக் கரண்டை இழுக்கும், வோல்டேஜ் சரியும். உடனே யூபிஎஸ் லைனை விட்டுவிட்டு பேட்டரிக்குத் தாவும். பேட்டரி நன்றாக இருந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. செத்திருந்தால், தாவிய இடத்தில் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் அணைந்து, கரண்ட் திரும்பியதும் மறுபடி கிளம்புகிறது. சாயங்காலம் ஊரே லைட்டும் மோட்டாருமாக இருக்கும் நேரம், லைனும் இளைத்துத்தான் இருக்கும். கடிதத்தில் யூபிஎஸ் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கம்ப்யூட்டரோடு வாங்கியதாக இருந்து, பேட்டரியை மாற்றவே இல்லை என்றால் என் சந்தேகம் முழுக்க அதன் மேல்தான். வீட்டு யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி இரண்டு மூன்று வருடம் உழைத்தாலே பெரிது.

சோதிப்பது சுலபம். யூபிஎஸ்ஸில் இருந்து கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு ஒரு டேபிள் லேம்ப்பைச் செருகி எரியவிடுங்கள். அப்புறம் யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரில் இருந்து உருவுங்கள். லேம்ப் உடனே அணைந்தால் பேட்டரி காலி. சுமார் ஆயிரம் ரூபாய்ச் செலவில் முடிகிற வேலை.

லேம்ப் நின்று எரிகிறதா? சரி, அடுத்து சூடு. பீடி சுற்றும் அறை என்றீர்கள். புகையிலைத் தூள் லேசானது. ஃபேன் அதை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். பிராசசர் மேலுள்ள, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கின் இடுக்குகளில் கம்பளித்துணி மாதிரி படிந்துவிடும். சூடு ஏறினால் பிராசசர் முதலில் வேகத்தைக் குறைக்கும், 100 டிகிரியை ஒட்டிப் போனால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைத்துவிடும். பிளக்கைக் கழற்றி, சிபியுவை முற்றத்துக்குக் கொண்டுபோய், மூடியைத் திறந்து பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள். ஐந்து வருடம் ஆகியிருப்பதால் பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும், கடையில் புதிதாகப் போடச் சொல்லலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றின பிறகும் உள்ளே கெபாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். துடைத்த பிறகு சிபியுவைத் தரையில் வைக்காமல், முடிந்தால் வேறு அறைக்கு மாற்றுங்கள்.

இரண்டும் இல்லை என்றால் ஒரே ஒரு செட்டிங். விண்டோஸ் தேடலில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று அடித்து, அதில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி'க்குள் போய், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற இடத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இனி கோளாறு விண்டோஸிலோ ரேமிலோ டிரைவரிலோ இருந்தால் பிழைச் செய்தி காட்டும் நீலத் திரை அப்படியே நிற்கும். மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். நீலத் திரை வராமல் பட்டென்று அணைந்தால் கரண்ட், எஸ்எம்பிஎஸ், சூடு இந்த மூன்றையே சுற்றுங்கள். போர்டு கடைசியில் வரட்டும்.

மறுபடி கடைக்குப் போக நேர்ந்தால், மகளின் ஃபைல்களை முதலில் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். எதை மாற்றப் போகிறார்கள், எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும், புதிய பாகத்தின் சீரியல் நம்பர் போட்ட பில்லையும் கையோடு கேளுங்கள். எஸ்எம்பிஎஸ் சந்தேகம் என்றால் அவர்களிடம் இருக்கும் வேறொன்றைப் போட்டு இரண்டு நாள் உங்கள் வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கத் தரச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் முகம் சுளிக்க மாட்டார்.

கேள்வி: அம்பாசமுத்திரம். சென்னையில் ஒரு கடையில் புதிதாக அசெம்பிள் செய்து வாங்கி 20 நாள்தான் ஆகிறது. பையன் கேம் ஆடத் தொடங்கினால் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள்.

பதில்: வேலைப்பளு ஏறும்போது மட்டும் அணைந்தால், கிராபிக்ஸ் கார்டுக்குப் போதாத எஸ்எம்பிஎஸ் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். எஸ்எம்பிஎஸ்ஸின் அட்டைப்பெட்டியில் எத்தனை வாட் என்று பாருங்கள். அந்த அச்சு வாசகத்துக்குப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலம் எதுவும் போடவில்லை என்றால் உங்களுக்கு இன்னும் 10 நாள் இருக்கிறது. போனில் பேசிக்கொண்டிருக்காமல் இன்றே எழுத்தில் கேளுங்கள், அணையும்போது எடுத்த வீடியோவையும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் திருநெல்வேலி மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்குப் போட இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

கேள்வி: மேலப்பாளையம். இன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது, லைட்டும் ஃபேனும் அணைவதே இல்லை. ஆனால் கரண்ட் போகும்போது கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது.

பதில்: இன்வெர்ட்டரில், பெரும்பாலும் பின்பக்கம், ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். நார்மல் அல்லது ஈகோ என்ற பக்கம் இருந்தால் யூபிஎஸ் என்ற பக்கம் தள்ளுங்கள். நார்மலில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு எடுக்கும் நேரம் ஃபேனுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஒரு விஷயம், யூபிஎஸ் பக்கம் வைத்தால் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே பேட்டரிக்குப் போய்விடும், ஆகவே பேட்டரித் தண்ணீரை இனி அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.