வெடிப்பைத் தாங்கும் கட்டடம்: ஈடேப்ஸ் தெரிந்தால் போதுமா?

கேள்வி: எம்.இ. ஸ்ட்ரக்சுரல் முடித்து, திருச்சியில் அபார்ட்மென்ட் டிசைன் செய்யும் அலுவலகத்தில் மூன்று வருடமாக இருக்கிறேன். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வெடிப்பைத் தாங்கும் கன்ட்ரோல் ரூம் வடிவமைக்கும் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கட்டடங்களைக் கணக்கிடும் ஈடேப்ஸ் மென்பொருள் நன்றாகத் தெரியும். அது போதுமா?

பதில்: ஈடேப்ஸ் வீண்போகாது. சுய எடை, காற்று, நிலநடுக்கக் கணக்கெல்லாம் அங்கேயும் உண்டு. கஷ்டம் வேறு இடத்தில். ‘கம்பி கொஞ்சம் கூடப் போட்டால் நல்லதுதானே’ என்று பழகிய கைக்கு, இந்த வேலையில் அந்தப் பழக்கமே ஆபத்து.

சென்னையில் காற்றின் அடிப்படை வேகம் விநாடிக்கு 50 மீட்டர். சதுர மீட்டருக்குச் சுமார் 1.5 கிலோநியூட்டன் அழுத்தம். கன்ட்ரோல் ரூம்களுக்கு நெடுங்காலமாக எடுத்துவரும் வெடிப்புச் சுமைகளில் ஒன்று அதே சதுர மீட்டருக்கு 21 கிலோநியூட்டன், 100 மில்லிவிநாடி நீடிப்பது. இன்னொன்று 69 கிலோநியூட்டன், 20 மில்லிவிநாடி. 69தான் பயமுறுத்தும். ஆனால் இரண்டையும் அழுத்தம்–நேர முக்கோணமாக வரைந்து பரப்பைப் பாருங்கள்: முதலாவது 1050, இரண்டாவது 690. எது உங்கள் சுவரை அதிகம் தள்ளும் என்பது சுவரின் அலைவு நேரத்தை, அதாவது அது ஒருமுறை முன்னும் பின்னும் ஆட எடுக்கும் நேரத்தைப் பொறுத்தது. சுவரை ஒரு எடை, ஒரு ஸ்பிரிங் என்று வைத்துக்கொண்டு, மில்லிவிநாடி வாரியாக அது எங்கே நிற்கிறது என்று எக்செல்லில் நீங்களே போட்டுப் பாருங்கள். பத்து முறை போட்டால் பிடிபடும்.

அப்புறம், இந்தச் சுவர் சேதமாகலாம். 4 மீட்டர் உயரச் சுவருக்கு மேலும் கீழும் 2 டிகிரி சுழற்சி அனுமதித்தால், நடுப்பகுதி 70 மி.மீ. உள்ளே வரும். விரிசல் விடட்டும், உள்ளே இருப்பவர் மேல் விழக் கூடாது. அதற்குச் சுவர் வளைய வேண்டும். கம்பி அளவுக்கு மீறிப் பலமாக இருந்தால், வளைவதற்கு முன்பே ஷியரில், அதாவது குறுக்கே வெட்டுப்பட்டுப் போய்விடும். ஷியர் சொல்லிக்கொண்டு வராது. அதனால் சைட்டிலிருந்து ‘500 கிரேடு கம்பி இல்லை, 550 போடுகிறோம்’ என்று போன் வந்தால் உடனே சரி சொல்லாதீர்கள்; 550 இன்னும் பலமான கம்பி. ஷியரையும் இணைப்புகளையும் மறுபடி கணக்கிட்ட பிறகு சொல்லுங்கள்.

உள்ளே போன சுவர் திரும்பி வெளியேயும் வரும். இரண்டு முகத்திலும் கம்பி கேட்பது அதனால்தான். கதவும் அப்படித்தான்: வெடிப்பு அதைச் சட்டத்தோடு அழுத்தும், திரும்பும்போது கீலும் தாழ்ப்பாளும் இழுபடும். கதவுக்காரர் தரும் கணக்கில் இந்தத் திரும்பு விசை இருக்கிறதா என்று பாருங்கள், பலமுறை இருக்காது.

ஒரு சைட்டில் கான்கிரீட், கம்பி எல்லாம் டிராயிங்படி. பின்னால் வந்த ஏசி ஆட்கள் டக்ட்டுக்காக 600 மி.மீ. துளை போட்டு, ஒவ்வொரு முகத்திலும் நான்கு கம்பியை அறுத்திருந்தார்கள். அறுபட்ட முனைகள் பளபளவென்று தெரிந்தன. அந்தச் சுவர்ப் பகுதியையே உடைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. துளைகளின் பட்டியலை டிசைன் தொடங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலையில் கசிந்த எரியும் ஆவி மேகம் வெடித்தது. இறந்த 28 பேரில் 18 பேர் கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள். 2005இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை வெடிப்பில் இறந்த 15 பேரும் தற்காலிக டிரெய்லர் அறைகளிலும் அவற்றின் பக்கத்திலும் இருந்தவர்கள். கட்டடம் எங்கே நிற்கிறது என்ற கேள்வி, சுவர் எத்தனை தடிமன் என்பதற்கு முன்னால் வர வேண்டும். லே-அவுட் கூட்டங்களில் உங்களைக் கூப்பிடாவிட்டாலும் கேட்டுப் போய் உட்காருங்கள்.

படிக்க: வெடிப்பைத் தாங்கும் வடிவமைப்புக்கு 1968இல் வந்த இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4991 மெல்லியது, ஒரு நாளில் முடியும். டக்டிலிட்டிக்கு, அதாவது சட்டென்று உடையாமல் வளையும் தன்மைக்கு, ஐ.எஸ். 13920. ஆழமாகப் போக, அமெரிக்க ராணுவத் துறையின் வடிவமைப்புக் கையேடு யு.எஃப்.சி. 3-340-02 இணையத்தில் இலவசம்.

சேருவதற்கு முன் அந்த நிறுவனத்திடம் இரண்டு விஷயம் கேளுங்கள். வெடிப்புச் சுமையை யார் கணக்கிட்டுத் தருகிறார்கள்? கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பியைப் பார்க்க டிசைனரை சைட்டுக்கு அனுப்புவார்களா? இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றால், நான் அங்கே சேரமாட்டேன்.