மாத்திரை டப்பாவில் மட்டும் மிஞ்சியிருக்கும் சனி, ஞாயிறு

கேள்வி (2021, கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் வந்த மடல்): நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் ஆசிரியையாக இருந்தேன். அவர் கணக்குப் பிரிவில் அதிகாரியாக இருந்தார். பெருந்தொற்றுக்கு முன்பு சனிக்கிழமை நூலகத்திற்குப் போவோம், ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் வருவார்கள். ஓராண்டுக்கு மேலாக எதுவும் இல்லை. இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டுக்கொண்டுவிட்டோம் என்றாலும், அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் மகன் வரத் தயங்குகிறான். அவர் காலை முதல் இரவு வரை செய்தி பார்க்கிறார். அன்றன்றைய தொற்று எண்ணிக்கையை ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதி வைக்கிறார். எனக்கு மூன்று வேளைச் சமையலும் வீட்டு வேலையுமாகப் பொழுது போகிறது. மாத்திரை டப்பாவின் ஏழு அறைகளைப் பார்த்துத்தான் இன்று என்ன கிழமை என்று தெரிந்துகொள்கிறேன். எங்களுக்குள் சண்டை இல்லை, பேச்சும் இல்லை. சனி, ஞாயிறு வந்தால் மனம் இன்னும் கனக்கிறது. “ஓய்வு பெற்றவர்களுக்கு வார இறுதி எதற்கு?” என்கிறார் அவர். நான் கவலைப்படுவது வீணா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கவலை வீணானதன்று. உங்கள் கணவர் கேட்ட கேள்வியிலும் ஒரு நியாயம் இருப்பதால் முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். பூமி தன்னைத்தானே சுற்றுவதால் நாள் உண்டாகிறது; நிலவு தேய்ந்து வளர்வதால் மாதம் உண்டாகிறது; பூமி சூரியனைச் சுற்றுவதால் ஆண்டு உண்டாகிறது. கிழமைகளுக்குக் கோள்களின் பெயர்களை இட்டிருக்கிறோமே தவிர, ஏழு நாளுக்கு ஒரு முறை வானத்தில் எதுவும் திரும்பி வருவதில்லை. வாரம் என்பது மனிதர்கள் தமக்குள் பேசி வைத்துக்கொண்ட ஓர் ஏற்பாடு. அலுவலகமும் பள்ளியும் அந்த ஏற்பாட்டை நமக்காகக் காத்து வந்தன. ஓய்வு பெற்ற பிறகு நூலகமும் பேரப்பிள்ளைகளும் உங்களுக்காக அதைக் காத்தார்கள். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா பரவலைப் பெருந்தொற்று என்று அறிவித்ததை ஒட்டி அந்தக் காவல் முழுவதும் நீங்கிவிட்டது. இனி அதைக் காப்பதற்கு உங்கள் இருவரை விட்டால் வேறு ஆளில்லை.

1929-ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியத்தில் தொழிற்சாலைகள் ஒரு நாளும் நிற்கக் கூடாது என்பதற்காக ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு நாளில் ஓய்வு கொடுத்தார்கள். முன்பைவிட ஓய்வு நாள்கள் கூடின என்றாலும், கணவனுக்கு ஒரு நாளும் மனைவிக்கு வேறொரு நாளுமாக விடுமுறை விழுந்ததால் குடும்பங்கள் மனம் கசந்தன. 1940-இல் ஏழு நாள் வாரமும் பொதுவான ஞாயிறு ஓய்வும் திரும்பி வந்தன. ஓய்வு நாள் இனிப்பது கையில் நேரம் இருப்பதால் மட்டும் அல்ல, நமக்கு வேண்டியவருக்கும் அதே வேளையில் ஓய்வு கிடைப்பதால்தான் என்பதை அந்த மக்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இப்போது உங்கள் மடலுக்கு வருகிறேன். செய்தி, நாட்குறிப்பு, மகன், மாத்திரை டப்பா என்று எல்லாவற்றையும் விரிவாக எழுதிய நீங்கள், “மூன்று வேளைச் சமையலும் வீட்டு வேலையும்” என்பதை ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. உங்கள் கணவருக்கு ஏழு நாளும் ஓய்வு. உங்களுக்கு ஒரு நாளும் இல்லை. ஒரே கூரையின் கீழ் இருவரும் வெவ்வேறு நாட்காட்டியில் வாழ்கிறீர்கள். அவர் கல் நெஞ்சர் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் வேலைக்குப் போன காலத்திலும் சமையலறை உங்கள் பொறுப்பிலேயே இருந்திருக்கும். அந்த வேலைக்கு ஓய்வூதிய வயது என்று ஒன்று கிடையாது என்பது அவர் கண்ணில் படாமலே இருந்திருக்கலாம். ஆகவே வார இறுதியை மீட்கும் வேலையைப் பொழுதுபோக்கிலிருந்து தொடங்க வேண்டாம், சமையலறையிலிருந்து தொடங்குங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு வேளைச் சாப்பாடு முழுமையாக அவர் பொறுப்பில் இருக்கட்டும். முழுமையாக என்றால், என்ன சமைப்பது என்று யோசிப்பது முதல் பாத்திரம் கழுவி அடுப்பு மேடையைத் துடைப்பது வரை. அந்த நேரத்தில் நீங்கள் சமையலறைப் பக்கம் போகாதீர்கள். காய்கள் ஒரே அளவில் நறுக்கப்பட்டிருக்காது, உப்பு முன்பின் இருக்கும். திருத்தப் போனீர்களானால் அடுத்த வாரமே அந்த வேலை உங்கள் கைக்குத் திரும்பிவிடும்.

நாட்குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தயவுசெய்து அதைக் கேலி செய்யவோ ஒளித்து வைக்கவோ வேண்டாம். வாழ்நாள் முழுவதும் கணக்கு எழுதிய மனிதர், கைக்கு அடங்காத ஒரு பயத்தைத் தமக்குத் தெரிந்த வழியில் வரிசைப்படுத்திப் பார்க்கிறார். ஆனால் செய்தி பார்ப்பதற்கு ஓர் அளவு வேண்டும். மனக்கலக்கம் தரும் செய்திகளைக் குறைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ குறித்த நேரத்தில் மட்டும் பார்க்கும்படி உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் அறிவுறுத்தியிருக்கிறது. வார நாள்களில் இரண்டு முறை, சனி ஞாயிறுகளில் ஒரே முறை என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். தொலைக்காட்சி மௌனமாக இருப்பதாலேயே அந்த இரண்டு நாள்களும் வேறாகத் தெரியத் தொடங்கும்.

எழுதும் கைக்கு வேறு எண்கள் கொடுக்கலாம். சனிக்கிழமை காலையில் இருவரும் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சின் உயரத்தில் மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருந்த பிறகே அளக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறையும் பார்ப்பது நல்லது. மருத்துவர் சொல்லியிருந்தால் அவருடைய சர்க்கரை அளவையும் அப்போதே குறிக்கலாம். இருவருடைய எண்களையும் அவரே அந்த நாட்குறிப்பில் எழுதட்டும். ஊரார் எண்ணிக்கைக்கு அடியில் உங்கள் பெயரும் ஒரு வரியாக ஏறும். பிறகு அந்த மாத்திரை டப்பாவை எடுத்து, வரும் வாரத்துக்கான ஏழு அறைகளையும் இருவருமாக நிரப்புங்கள். ஒருவர் அட்டையில் காலாவதித் தேதியைப் படித்துச் சொல்ல, மற்றவர் எண்ணிப் போடலாம். இத்தனை நாள் கிழமையை உங்களுக்கு அறிவித்த அந்த டப்பா, இனி வாரத்தைத் தொடங்கி வைக்கட்டும்.

பேச்சு இல்லாமற்போனதை நீங்கள் அன்பு குறைந்ததாக எடுத்துக்கொண்டுவிட்டீர்களோ என்று அஞ்சுகிறேன். இருவரும் ஒரே சுவரை, ஒரே திரையை, ஒரே சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒருவரிடம் ஒருவர் சொல்ல என்ன இருக்கும்? பேசுவதற்குப் பிரிவு வேண்டும். எங்கள் வீட்டிலும் முதல் சில மாதங்கள் இப்படித்தான் கழிந்தன. பிறகு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் அவர் ஓர் அறையிலும் நான் மாடி முகப்பிலும், ஒருவரை ஒருவர் அழைப்பதில்லை என்ற உடன்பாட்டோடு இருக்கத் தொடங்கினோம். அவர் பழைய வானொலிப் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொள்வார்; நான் படிப்பேன். மாலையில் வெளியே வரும்போது இருவர் கையிலும் ஒரு சேதி இருந்தது. கதவை மூடிக்கொள்வதைக் கோபம் என்று நினைக்காமல் இருக்க எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது.

பேரப்பிள்ளைகளோடு பேசும் காணொளி அழைப்புகள் பெரும்பாலும் “சாப்பிட்டாயா, கேட்கிறதா, முகம் தெரியவில்லையே” என்பதிலேயே முடிந்துவிடுகின்றன. நீங்கள் ஆசிரியையாக இருந்தவர். ஞாயிறுதோறும் ஒரு பேரப்பிள்ளையைத் தனியாக அழைத்து, ஒரு கதைப் புத்தகத்திலிருந்து ஓர் அத்தியாயம் மட்டும் வாசித்துக் காட்டுங்கள். விறுவிறுப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று கேட்க அந்த வீட்டில் ஓர் ஆள் இருப்பான். மகன் வரத் தயங்குவதைக் குறையாக எண்ணாதீர்கள்; அந்தத் தயக்கத்தில் அப்பாவின் மேலுள்ள கவலைதான் இருக்கிறது. உங்கள் மருத்துவர் சம்மதித்து, உங்கள் பகுதியின் விதிகளும் இடம் கொடுத்தால், திறந்த வெளியில் முகக்கவசத்தோடு சற்று இடைவெளி விட்டு அமர்ந்து பார்த்துக்கொள்வது மூடிய அறையில் சந்திப்பதைவிடப் பாதுகாப்பானது.

உடலையும் மறந்துவிடாதீர்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பும், அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது தசைக்கும் சமநிலைக்குமான பயிற்சியும் வேண்டும் என்பது 2020-இல் வெளியான உலக சுகாதார நிறுவனப் பரிந்துரை. கூட்டமில்லாத நேரத்தில் இருவரும் சேர்ந்து நடக்கலாம். முடியாத நாளில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமரலாம்.

இத்தனையும் செய்த பிறகும், உங்களுக்கோ அவருக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், அதை வயதின் மேல் பழி போட்டுவிட்டு இருந்துவிடாமல் மருத்துவரிடம் தொலைபேசியிலாவது பேசிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமை இரவு, உங்கள் மடலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மூன்று வேளைச் சமையல் என்ற அந்த வரி வரும்போது சற்று நிறுத்தி வாசியுங்கள். மறுநாள் எந்த வேளைச் சாப்பாட்டைத் தாம் பார்த்துக்கொள்வது என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அவர் எந்த வேளையைச் சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.