45 எச்.பி. டிராக்டருக்கு எத்தனை சட்டி ஹாரோ சரிப்படும்?

கேட்டவர் சொன்னது இவ்வளவு: 45 எச்.பி. (குதிரைத்திறன்) டூ வீல் டிரைவ், அதாவது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டிராக்டர் இருக்கிறது. கரிசலும் செவலும் கலந்த மானாவாரி நிலம். பழைய 16 சட்டி டிஸ்க் ஹாரோ (சட்டி என்னும் வட்டத் தகடுகளால் மண்ணை வெட்டிப் புரட்டும் கருவி) ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?

கரிசல்தான் அதிகம் என்றால் வேண்டாம். அந்த 16 சட்டியை வாங்கி இரண்டு புரட்டாசி பட்ட பாட்டில் சொல்கிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கம். என் வண்டி 42 எச்.பி. ஹாரோ விற்றவர், "40க்கு மேல எந்த வண்டியும் இதத் தாராளமா இழுக்கும்ணே" என்றார். சொன்னதோடு நிற்காமல் ஒரு தோட்டத்தில் ஓட்டியும் காட்டினார். அருமையாகப் போனது. அது செவக்காடு என்பது ஹாரோ வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் கரிசலில், மக்காச்சோளத் தட்டை நின்ற காட்டில் இறக்கினேன். 50 அடி போயிருக்காது, பின் டயர் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறித்தன. எஞ்சின் மட்டும் திணறவே இல்லை, புகைகூடக் கறுக்கவில்லை. வரப்பில் நின்று பார்த்த மாமா சொன்னார்: "குதிரை நல்லாத்தான் இருக்கு மாப்ளே, குளம்புதான் ஊனல."

விஷயம் அவ்வளவுதான். நம் டூ வீல் வண்டிகளில் எச்.பி. தீருவதற்கு முன்பே டயரின் பிடி தீர்ந்துவிடும். கணக்கை எச்.பி.யில் தொடங்காமல் எடையில் தொடங்க வேண்டும்.

ஹாரோ பெரும்பாலும் தன் எடையால்தான் மண்ணுக்குள் இறங்குகிறது. அதனால் அதை இழுக்கத் தேவையான விசையும் எடையைப் பொறுத்தே இருக்கும். வேளாண் பொறியாளர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் கணக்கு இது: களிமண்ணில் ஹாரோ எடையைப் போல் ஒன்றரை மடங்கு, வண்டல் கலந்த மண்ணில் சுமார் 1.2 மடங்கு, மணல் கலந்த மண்ணில் 0.8 மடங்கு. என் ஹாரோ 520 கிலோ. மணல் கலந்த செவலில் 416 கிலோ இழுவை போதும். களிமண்ணான கரிசலில் 780 வேண்டும். ஒரே கருவி, ஒரே வண்டி, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். விற்றவர் பொய் சொல்லவில்லை, அவர் மண்ணில் அது உண்மை!

இனி வண்டிப் பக்கம். என் டிராக்டர் ஏறக்குறைய 1,900 கிலோ. அதில் பின் அச்சில் உட்காருவது 1,200 சொச்சம். பொலபொலத்த மண்ணில் டயர் அந்த எடையில் ஏறத்தாழ பாதியைத்தான் இழுவையாகத் தரும், அதாவது 600 கிலோ. 780 கேட்டால் எங்கே போகும்? இழுவையை வேகத்தால் பெருக்கி 270ஆல் வகுத்தால் எச்.பி. வரும். 780 கிலோவை மணிக்கு 5 கி.மீ.யில் இழுக்க 14 எச்.பி.தான் ஆகிறது. எஞ்சின் சும்மா இருந்ததற்குக் காரணம் அதுதான்.

பின் டயரில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பினேன், இரும்பு வெயிட்டும் மாட்டினேன். கொஞ்சம் தேவலை. சட்டி வரிசையின் கோணத்தைக் குறைத்தும் பார்த்தேன். வண்டி ஓடியது, ஆனால் சட்டி மேலோடு உருண்டு போனதே தவிர தட்டையை அறுக்கவில்லை. கோணம் குறைந்தால் இழுவை குறையும், கூடவே ஆழமும் குறையும். இதில் ஏமாற்ற வழியில்லை.

கடைசியில் அதை ஒரு செவக்காட்டுக்காரருக்கு விற்றுவிட்டு, 12 சட்டி, 22 அங்குலம், 370 கிலோ எடையில் ஒன்று எடுத்தேன். 370ஐ ஒன்றரையால் பெருக்கினால் 555. இன்றுவரை அதுதான் ஓடுகிறது. அகலம் குறைந்ததால் மணிக்கு ஒன்றரை ஏக்கர்தான் முடிகிறது, ஆனால் அந்த ஒன்றரையும் ஒழுங்காக முடிகிறது.

உங்கள் 45க்கு வருவோம். கரிசலுக்கு 12. செவலோ மணல்சாரியோ என்றால் 14 தாராளம், ஹாரோ கனமில்லாததாக இருந்தால் 16ம் பார்க்கலாம். வாய்க்கணக்காக வேண்டுமென்றால் இளகிய மண்ணில் சட்டிக்கு ஏறத்தாழ 3 எச்.பி., இறுகிய மண்ணில் ஏறத்தாழ 4 எச்.பி. ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன் சக்கரமும் இழுப்பதால் இரண்டு சட்டி கூட்டிக்கொள்ளலாம்.

எத்தனை சட்டி என்பதோடு நிறுத்தாமல் எடை என்ன என்று கட்டாயம் கேளுங்கள். பழைய ஹாரோ என்றால் எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். 24 அங்குலச் சட்டியும் கனத்த சட்டமும் கொண்ட 14, லேசான 16ஐ விட அதிகம் இழுக்கச் சொல்லும். வண்டியில் மாட்டித் தூக்கும் வகை என்றால் வரப்போரம் தூக்கும்போது முன் சக்கரம் அந்தரத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். முன்னால் வெயிட் இல்லாமல் கனத்த ஹாரோவைத் தூக்கினால் ஸ்டீயரிங் கேட்காது.

வாங்கும் முன் உங்கள் கரிசலிலேயே ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஹாரோவைத் தூக்கியபடி டயர் 10 சுற்று சுற்றும் தூரத்தை அளந்து இரண்டு முனையிலும் குச்சி ஊன்றுங்கள். அதே தூரத்தை ஹாரோவை இறக்கி உழுதபடி ஓட்டி, சுற்றுகளை எண்ணுங்கள். 11, 11½ வந்தால் சரியான ஜோடி. 13ஐத் தாண்டினால் டீசலும் டயரும்தான் தேயும். ஈரமும் பதமாக இருக்க வேண்டும், மழை பெய்த மறுநாள் கரிசலில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். சட்டியெல்லாம் மண் அப்பி உருளையாகிவிடும், எந்த ஹாரோவும் தோற்றுப்போகும்.

அந்த 16 சட்டிக்காரர் உங்கள் காட்டுக்கு வந்து ஓட்டிக்காட்ட மறுத்தால், முன்பணம் கொடுக்காதீர்கள்.