விசாரணைக்குப் போன தம்பி இன்னும் வரவில்லையே?

கேள்வி: செவ்வாய் இரவு 9 மணிக்கு என் தம்பியைப் போலீஸார் விசாரணைக்கென்று அழைத்துப் போனார்கள். வியாழன் காலையாகியும் விடவில்லை. 'கைது இல்லை, விசாரணைதான்' என்கிறார்கள். இது சரியா?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: சரியில்லை, சகோதரி. கைது என்று எழுதினாலும் எழுதாவிட்டாலும், வெளியே போக விடாமல் உட்கார வைத்த நிமிடத்திலிருந்தே கணக்கு ஓடுகிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியல் சட்டம் 22-வது பிரிவும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 58-வது பிரிவும் சொல்வது இதுதான்.

இதே போல ஒரு அம்மா, மகன் கடைசியாக அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் கொண்டுவந்து காட்டினார். 'ஸ்டேஷன்ல இருக்கேன், சாப்பிட்டுத் தூங்கு' என்ற அந்த ஒரு வரியும் அதன் நேரமும்தான் எங்களுக்குக் கைகொடுத்தன. உங்களிடம் அப்படி எது இருந்தாலும் பத்திரமாக வையுங்கள். எஸ்.பி.க்கு இன்றே மனு அனுப்புங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100-ஐ அழையுங்கள், இலவச சட்ட உதவி உண்டு. அப்புறமும் விடவில்லையா, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

ரிமாண்ட் ஆகிவிட்டால், அதாவது மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிட்டுவிட்டால், குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. ஆனால் மனு போட்டுக் கேட்க வேண்டும். நாட்களை எண்ணிக்கொண்டே இருங்கள்.