மகள் கம்யூனிட்டி காலேஜில் தத்துவம் படிக்கிறேன் என்கிறாள், விடலாமா?

விடுங்கள். நானே அங்கே தத்துவப் பாடம் படித்தவள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

பெரும்பாலும் முதல் இரண்டு வருடப் படிப்பு மட்டும் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜ் என்றால் படிப்பு மட்டமாக இருக்குமோ, தத்துவம் படித்தால் சோறு போடுமா என்று இரண்டு கவலைகள் எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் கலிஃபோர்னியாவில்தான் இருக்கிறீர்கள் என்பதால் என் அனுபவம் அப்படியே பொருந்தும்.

மதுரையில் பி.காம். முடித்து, கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். பையன் ஓரளவு வளர்ந்ததும் அக்கவுண்டிங் படிக்கலாம் என்றுதான் பக்கத்து கம்யூனிட்டி காலேஜுக்குப் போனேன். கூடவே பொதுப் பாடம் ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. செவ்வாய், வியாழன் மாலையில் எனக்குத் தோதாக இருந்தது தத்துவ அறிமுகம் மட்டுமே. அப்படிப் போய் உட்கார்ந்ததுதான்.

மூன்றாவது வாரம் பிளேட்டோவின் 'யூதிஃப்ரோ' படித்தோம். சின்ன உரையாடல், ஒரே மூச்சில் படித்துவிடலாம். யூதிஃப்ரோ தன் அப்பா மீதே கொலை வழக்குப் போட வருகிறான். அவர்களிடம் கூலிக்கு இருந்த ஒருவன் குடிபோதையில் ஓர் அடிமையைக் கொன்றுவிட, அப்பா அவனைக் கை கால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று கேட்டுவர ஆள் அனுப்புகிறார். ஆள் திரும்புவதற்குள் அவன் பசியிலும் குளிரிலும் செத்துப்போகிறான். மகன் செய்வது சரியா என்று ஆசிரியர் கேட்டார்.

ஹைஸ்கூலில் இருந்துகொண்டே காலேஜ் பாடமும் எடுக்கும் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, கொலை கொலைதான், அப்பாவானால் என்ன என்றாள். என் பக்கத்தில் வேர்ஹவுஸ் ஷிஃப்ட் முடித்து, ஒளிரும் மஞ்சள் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்காரும் ஒருவர் இருந்தார், ஐம்பது வயதிருக்கும். அதுவரை வாயே திறக்காதவர், "என் அண்ணனைப் பற்றி நான் போலீஸில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை" என்றார். வகுப்பு அப்படியே அடங்கிவிட்டது. அந்தப் பெண் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு மனுநீதிச் சோழன் ஞாபகம் வந்தது. தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கி, கன்றுக்குட்டிக்காக மகனையே தேர்க்காலில் இட்ட கதையைச் சொன்னேன். ஆசிரியர் முழுதாகக் கேட்டுவிட்டு, "அது நியாயம் என்பதால் அரசன் செய்தானா, அரசன் செய்ததால் அது நியாயம் என்கிறீர்களா?" என்றார். கடவுளர் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் கடவுளர் விரும்புகிறார்களா என்று சாக்ரடீஸ் யூதிஃப்ரோவிடம் கேட்பதும் இதே கேள்விதான். நாலு வயதில் பாட்டி மடியில் கேட்ட கதை. அதற்குள் இப்படி ஒரு கேள்வி இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. கார் பார்க்கிங்கில் வெகுநேரம் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

படிப்பு மட்டமோ என்ற கவலைக்கு அந்த ஒரு மாலையே என் பதில். பெரிய பல்கலைக்கழகத்தில் முதலாண்டு வகுப்பில் பெரும்பாலும் உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள்தான் இருப்பார்கள். சொந்த ரத்தத்தைக் காட்டிக்கொடுப்பதா என்ற கேள்வியை வாழ்ந்து பார்த்தவர் பக்கத்து நாற்காலியில் இருப்பது அங்கே அபூர்வம்.

சரி, செலவு. பாடத்தின் அளவை இங்கே யூனிட் என்று கணக்கிடுவார்கள், கலிஃபோர்னியாவாசிகளுக்கு ஒரு யூனிட் 46 டாலர். மூன்று யூனிட் பாடத்துக்குப் பாடக் கட்டணம் 138 டாலர், புத்தகம் தனி. முதல் இரண்டு வருடப் பாடங்களை இங்கே முடித்து, கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களான யு.சி.க்கோ கால் ஸ்டேட்டுக்கோ மாறிக்கொள்ளலாம். எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் பார்த்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். தத்துவத்தில் மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடங்கள் இங்கே கிடையாது, ஆகவே இளங்கலைப் பட்டத்துக்கு மாறித்தான் ஆக வேண்டும்.

குறையும் உண்டு. எனக்குப் பாடம் எடுத்தவர் பகுதிநேர ஆசிரியர், வாரத்தில் மூன்று காலேஜ்களுக்கு ஓடுவார். ஃப்ரீவே ஃப்ளையர், அதாவது நெடுஞ்சாலையில் பறப்பவர், என்று இங்கே அவர்களுக்கு ஒரு பெயரே இருக்கிறது. அவ்வளவு நல்ல ஆசிரியருக்குச் சொந்தமாக ஓர் அறைகூட இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். அடுத்த பருவத்தில் நான் பதிந்த தர்க்கப் பாடத்தை, ஆள் சேரவில்லை என்று தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு ரத்து செய்துவிட்டார்கள். மறுவருடம்தான் கிடைத்தது.

வேலை விஷயத்துக்கு அந்தத் தர்க்கப் பாடத்தையே சொல்வேன். மழை பெய்தால் தரை நனையும், தரை நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது. இதில் என்ன தப்பு என்று கேட்டால் நம் வீட்டில் யாரும் சொல்லிவிடலாம்: வாசல் தெளித்திருக்கலாமே! ஆனால் அதே தப்பு ஒரு ஒப்பந்தத்திலோ செய்தியிலோ ஒளிந்திருந்தால் கண்ணில் படாது, பழக வேண்டும். சட்டக் கல்லூரிக்கான எல்சாட் தேர்வில் பெரும்பகுதி இப்படி வாதங்களைப் பிரித்துப் பார்ப்பதுதான். நான் கடைசியில் அக்கவுண்டிங் வேலைக்குத்தான் வந்தேன். ஒரு கணக்கு உதைக்கும்போது, எந்த அனுமானத்தில் கோளாறு என்று தேடும் பழக்கம் அந்த வகுப்பில் வந்தது.

அப்புறம் ஒன்று. வகுப்பு நிரம்பிவிட்டது என்று காட்டினால் விட்டுவிடாமல் வெயிட்லிஸ்டில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் நாள் நேரிலேயே போய் உட்காரட்டும். வராதவர்களை ஆசிரியர் அன்றே நீக்கிவிட்டு, வந்திருப்பவர்களுக்கு ஆட் கோடு, அதாவது வகுப்பில் பதிந்துகொள்ள ஓர் எண், கொடுப்பது வழக்கம். எனக்குத் தர்க்கப் பாடம் அப்படித்தான் கிடைத்தது.