வலை கட்டாத சிலந்தி

வணக்கம் சார்,

எங்கள் குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறது. அடிவயிற்றில் பொத்தான் மாதிரி வெள்ளையாக எதையோ இடுக்கிக்கொண்டிருக்கிறது. மேலே ஊர்ந்தால் அக்கி வரும், அடித்துப் போடு என்கிறார் மாமியார். எனக்குக் கை வரவில்லை. என்ன செய்வது?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

அடிக்காதீர்கள். அந்த வெள்ளைப் பொத்தான் முட்டைப்பை. குஞ்சு பொரிக்கும்வரை தாய் அதைச் சுமந்துகொண்டே திரியும்.

அக்கிக்கும் சிலந்திக்கும் சம்பந்தமில்லை. சின்னம்மை வந்துபோன உடம்பில் அந்தக் கிருமி நரம்புக்குள் பதுங்கியிருந்து, பல வருடம் கழித்துத் தலைகாட்டுவதுதான் அக்கி. ஆனால் மாமியாரிடம் இதைச் சொல்லி ஜெயிக்க முடியாது. கரப்பானைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். இந்தச் சிலந்தி வலை கட்டாது. ராத்திரியில் ஓடிப்போய்க் கரப்பானைப் பிடித்துத் தின்னும். மூலையில் ஒட்டடை சேர்ப்பது குச்சிக் கால்களோடு தொங்குகிற வேறு ஜாதி. ஒட்டடைக் கம்பை எடுத்தால் இதற்கும் சேர்த்து அடி விழுகிறது.

வலை கட்டாததாலேயே நம் கண்ணில் படாமல் போனது இன்னொன்று உண்டு. உங்கள் ஊர்ப்பக்கம் நெல் வயலில் தூரை விலக்கிப் பாருங்கள், தண்ணீர் மேல் ஓடும். ஓநாய்ச் சிலந்தி. நெல்லைத் தாக்கும் புகையான் என்ற சிறு பூச்சியை ஒரு நாளைக்கு 5 முதல் 15 வரை தின்னும். புகையான் தூரில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சினால் பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்துபோகும். பதறிப்போய் மருந்தடிக்கிறோம். வெளியே ஓடித் திரிகிற சிலந்தி செத்துப்போகும். புகையானின் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். அடுத்த வாரம் பொரித்து வரும்போது தின்ன ஆள் இல்லை. அடித்த வயலில்தான் அப்புறம் பூச்சி அதிகம். மறுபடி அடிப்போம். இந்தோனேசியாவில் இப்படி அடித்து அடித்துப் புகையான் பெருகி, 1986இல் அரசே 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை போட்டது. மருந்து குறைந்தது, விளைச்சல் குறையவில்லை.

திருவானைக்காவில் சிவலிங்கத்துக்கு மேலே வலை பின்னி, யானையோடு மல்லுக்கட்டிய சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்கிறது புராணம். பாருங்கள், அங்கேயும் ராஜபிறவி வலை பின்னியதற்குத்தான்.

சரி, மாமியார் விடவே மாட்டேன் என்றால் அகலமான டப்பா ஒன்றை மெதுவாக அதன்மேல் கவிழ்த்து, பழைய காலண்டர் அட்டையை அடியில் செருகிக் கொல்லையில் விட்டுவிடுங்கள். வெறும் கையால் பிடிக்க வேண்டாம், கடித்தால் வலிக்கும். கால் நசுங்காமல், முட்டைப்பை நழுவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரப்பான் மறுபடி வந்தால் எனக்கு எழுத வேண்டாம், மாமியாரிடம் சொல்லுங்கள்.