பதினோரு மாதம் எங்கே போயிற்று?

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். வயது 38. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பதினெட்டு வயதில் பழகிய சிகரெட்டைப் போன வருடம் பங்குனியில் விட்டேன். பதினோரு மாதம் தொடவே இல்லை. மாசியில் தாய்மாமன் இறந்துபோனார். சுடுகாட்டில் எல்லாம் முடிந்து ஆற்றங்கரையில் நின்றபோது பெரியப்பா மகன் ஒரு சிகரெட்டை நீட்டினான். வாங்கிவிட்டேன். அன்று இரவே ஒரு பாக்கெட் வாங்கினேன். ஏழு வாரம் ஆகிறது, இப்போது நாளைக்குப் பத்து. செலவைக் குறைக்கப் பாதி நேரம் பீடி. அது இலைதானே, கெடுதல் குறைவு என்கிறார்கள். மாமா காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பீடி குடித்தவர்.

அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்கவைத்தார். "நான் வயிற்றுப்பாட்டுக்குச் சுற்றினேன், நீ எதற்குக் குடிக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. பதினோரு மாதம் வீணாய்ப் போயிற்று. இனி என்னால் ஆகாது என்றே தோன்றுகிறது. என் பெயரை வெளியிட வேண்டாம்.

---

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'வீணாய்' என்ற சொல்லில்தான் ஒவ்வொரு முறையும் நின்றேன். நாளைக்குப் பத்து என்று வைத்தாலும் அந்தப் பதினோரு மாதத்தில் நீங்கள் பிடிக்காமல் விட்டவை மூவாயிரத்துக்கு மேல். விட்ட ஓரிரு நாளிலேயே ரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளியேறிவிடும். அடுத்தடுத்த மாதங்களில் மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் நுண்மயிர்கள் மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். ஓராண்டு நிறைந்தால், புகையால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஏறக்குறையப் பாதியாகும். நீங்கள் அந்த ஓராண்டின் வாசல் வரை போய்விட்டு வந்தவர். வழி தெரியாதவர் இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். நான் இருபத்திரண்டு ஆண்டு புகைத்தவன். 2009-இல் விட்டேன். பதினான்கு மாதம் கழித்து, ஓர் இரவு காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். தம்பியை அழைத்துவரப் போயிருந்தேன். ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். கடைக் கம்பத்தில் தேங்காய்நார்க் கயிறு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, நுனியில் கங்குடன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் அதைப் பிடித்துச் சாம்பலைத் தட்டினார், ஊதிச் சிவக்கவைத்தார், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கயிற்றை விட்டார். அது ஆடிக்கொண்டே என் பக்கம் வந்தது. நான் அதைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் தெரிந்தது, என் கையில் சிகரெட்டே இல்லை. ஒரு கையில் டீ கிளாஸ், மறுகையில் கங்கு. அப்படியே நின்றேன். அதற்குப் பின்தான் கடைக்காரரிடம் ஒரு சிகரெட் கேட்டேன்.

பதினான்கு மாதத்தில் உடம்பில் நிகோடின் துளியும் இருந்திருக்காது. நிகோடின் வந்து ஒட்டிக்கொள்ள மூளையில் பெருகியிருந்த இடங்களும் எப்போதோ குறைந்திருக்கும். கை மட்டும் மறக்கவில்லை. இரவு, காத்திருப்பு, டீ, கங்கு, இவ்வளவும் ஒன்றுசேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஆற்றங்கரையில் உங்களுக்கு நடந்ததும் இதுவே என்று நினைக்கிறேன். துக்கம், தூக்கமில்லாத இரவு, சொந்தக்காரன் நீட்டிய கை. இதில் மனவுறுதிக் குறைவு எங்கே இருக்கிறது?

அந்தச் சிகரெட் கசந்தது, தலை சுற்றியது. பாதியிலேயே போட்டுவிட்டேன். அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் தம்பியைப் பின்னால் உட்காரவைத்து வேலூருக்கு ஸ்கூட்டரில் திரும்பும்போது, பாலாற்றுப் பாலத்தின் மேல், "போயிற்று, எல்லாம் போயிற்று" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை பாக்கெட் வாங்கினேன். அதன்பின் மூன்று ஆண்டு புகைத்தேன். காட்பாடியில் பிடித்த அந்தப் பாதி சிகரெட்டுக்கு என்னை மூன்று ஆண்டு கட்டிப்போடும் வலு கிடையாது. பாலத்தின் மேல் சொன்ன சொல்லுக்கு இருந்தது.

ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பல ஆண்டு ஆராய்ந்தார். ஒருமுறை சறுக்குவதும் பழையபடி விழுந்துவிடுவதும் வேறு வேறு என்றார் அவர். சறுக்கியவுடன் 'நான் தோற்றவன்' என்று தன்னையே குற்றம்சாட்டிக்கொள்பவர்தான் விரைவாக முழுவதும் விழுகிறார் என்றும் சொன்னார். எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் அந்த மூன்று ஆண்டு மிஞ்சியிருக்கும். உங்களுக்கு ஏழு வாரம்தான் ஆகியிருக்கிறது.

பீடியைப் பற்றிக் கடையில் சொல்வதை நம்பாதீர்கள். இலை சிகரெட் தாளைப் போலக் காற்று விடாது, சட்டென்று அணைந்துவிடும். அணையாமலிருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் தூள் குறைவுதான், ஆனாலும் நுரையீரலுக்குப் போகும் தாரும் நிகோடினும் சிகரெட்டுக்குக் குறைவதில்லை. 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டில் இறந்த சுமார் 43,000 ஆண்களைப் பற்றி வீடுவீடாக விசாரித்துச் செய்த ஆய்வு அது. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் சாவுக்குப் புகையே காரணம் என்பது அதன் முடிவு. உங்கள் மாமாவின் மாத்திரைகள் எதனுடன் போராடின என்று யோசித்துப் பாருங்கள்.

அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் எத்தனையோ திண்ணைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். மடியில் முறம், ஈரச்சாக்கில் சுற்றிய இலை. தகடு வைத்து இலையைக் கத்தரித்து, தூளைப் பரப்பி, உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்குவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கழுத்து வலியும் தூளின் நெடியும் அந்தக் கூலியில் சேராது. அந்த வேலையைச் செய்து உங்களைப் படிக்கவைத்தவர் குற்றவாளி இல்லை. அவர் மகன் என்பதற்காக நீங்களும் எதையும் சுமக்க வேண்டியதில்லை. அவர் பேசாமலிருப்பதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூடப்பிறந்தவரை இப்போதுதான் சுடுகாட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அடுத்து மகனோ என்ற பயம் அது. இன்று போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஏழு வாரத்தை மறைக்காமல் சொல்லி, விடப்போகும் நாளையும் சொல்லுங்கள்.

அந்த நாளைச் சித்திரை முடிவதற்குள் வையுங்கள். முதல் மூன்று நாள்தான் கடினம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும். இரண்டு மூன்று வாரத்தில் தணிந்துவிடும். நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை கடந்தவர். ஒவ்வொரு முறை ஏக்கம் எழும்போதும் அது சில நிமிடம்தான் நிற்கும். எழுந்து நடந்தால், தண்ணீர் குடித்தால், யாரிடமாவது பேசினால் போய்விடும்.

பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. புகைப்பவரின் ஈரல் டீ, காப்பியில் உள்ள காஃபினை வேகமாகக் கரைத்துவிடும். புகையை நிறுத்திய சில நாளில் அந்த வேகம் குறையும். அதே நான்கு டீ உடம்பில் நெடுநேரம் தங்கிப் படபடப்பைத் தரும். அதைச் சிகரெட் ஏக்கம் என்று நினைத்துத் திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். அந்த வாரங்களில் டீயைப் பாதியாக்குங்கள்.

மருந்துக்கடையில் நிகோடின் சூயிங்கம் கிடைக்கும். அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்று விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம். மெதுவாக மென்று, நாக்கில் காரம் தட்டியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். டீ குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் சரியாகச் சேராது. வேறு மாத்திரைகளும் உண்டு, அவை மருத்துவர் சொல்லி மட்டுமே. வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் நெஞ்சக மருத்துவரைப் பாருங்கள். மாமாவுக்குக் காசநோய் இருந்ததால் உங்கள் நெஞ்சையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது, அம்மாவையும் அழைத்துப் போங்கள். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356, புகையை விட நினைப்பவர்களுக்கு உதவும் கட்டணமில்லா எண். 2016 முதல் இயங்குகிறது. கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.

வைகாசி முதல் நாள் உங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மனின் தலை ஊர்வலமாக வரும் நாள். வெளியூர் போன பிள்ளைகள் எல்லாம் ஊர் திரும்புவார்கள். பெரியப்பா மகனும் வருவார், கூட்டத்தில் கை நீளும். அதற்கு முன்பே அவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: "எனக்கு நீட்டாதே, நான் கேட்டாலும் கொடுக்காதே." அன்பில் நீட்டிய கை அது, சொன்னால் புரிந்துகொள்ளும்.

அன்று நானும் குடியாத்தம் வருவதாக இருக்கிறேன். கோபாலபுரத்தில் கோயில் பக்கம் காலையில் நிற்பேன். விருப்பமிருந்தால் வாருங்கள், சிரசு வந்து சேரும் வரை சேர்ந்து நிற்கலாம். நடுவில் சறுக்கியிருந்தாலும் வாருங்கள்.

அன்புடன்.